டிவியில் மங்கிய கொலுசு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் மாமா வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறார். டிசைன்களைப் பெரிதாகக் காட்ட மடிக்கணினியை டிவியுடன் இணைத்தோம். சலங்கை வேலைப்பாடு மங்கியது. ஓரத்தில் இருந்த எடை விவரம் வெட்டுப்பட்டது. நுணுக்கத்துக்குத்தான் விலை என்ற தொழிலில் இதை எப்படிப் பொறுப்பது?

"டிவியை மாற்றிவிடலாமா மாப்பிள்ளை?" என்றார் மாமா. தேவையே இல்லை. தெளிவுத்திறன், அதாவது திரையில் அகலத்திலும் உயரத்திலும் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, மடிக்கணினியில் 1366×768, டிவியில் 1920×1080. இரண்டிலும் ஒரே காட்சி என்ற அமைப்பில் கணினி சிறிய அளவையே அனுப்பியது. சுமார் 10 லட்சம் புள்ளிகளை டிவி 20 லட்சமாக இழுத்து நிரப்பியது. இல்லாத புள்ளிகளை அது ஊகித்துத்தான் போடும். மங்கல் அங்கேதான் பிறக்கிறது.

விண்டோஸில் இரண்டாம் திரை மட்டும் இயங்கும்படி மாற்றி, 1920×1080 தேர்ந்தெடுத்தேன். வேலைப்பாடு பளிச்சென்று வந்தது, எழுத்து மட்டும் சிறுத்தது. அதற்காகத் தெளிவுத்திறனைக் குறைக்காதீர்கள், தயவுசெய்து! எழுத்தின் அளவை 150 சதவீதமாக்கினால் போதும்.

ஓரம் வெட்டுப்படுவது வேறு கோளாறு. படக்குழாய் டிவி காலத்திலிருந்து தொடரும் ஓவர்ஸ்கேன், படத்தைச் சற்றுப் பெருக்கி விளிம்பை மறைத்துவிடும். டிவியின் பட அமைப்பில் அதை அணைத்தேன். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' போன்ற தேர்வுகளைத் தேடிப் பாருங்கள்.