பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் முன்

பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான்: பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். இன்று அந்த ஆசை இருக்கிற வீடுகளிலும் பெயர் ஜாதகத்தில் முட்டி, சான்றிதழில் முட்டி, கடைசியில் வேறொன்றாகிவிடுகிறது. குழந்தை பிறக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதுங்கள். பெரியவர்கள் வாயில் வருவது பெரும்பாலும் கூப்பிடும் பெயராக இருக்கும். இட்ட பெயருக்குப் பழைய கிரயப் பத்திரத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் பாருங்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இருந்ததால், பிள்ளைக்கு அதே பெயரை வைத்துவிட்டு, அம்மா கூப்பிட 'ராசு', 'துரை' என்று இன்னொன்றையும் வைத்தார்கள்.

பட்டியலில் சிலவற்றை அங்கேயே விட்டுவிடலாம். பிச்சை, குப்பம்மாள், மண்ணாங்கட்டி எல்லாம் முன்பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இதையாவது எமன் சீண்டாமல் இருக்கட்டும் என்று வைத்தவை. போதும்பொண்ணு, அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைத்தது. அதை எந்தப் பெண்ணுக்கும் திரும்ப வைக்க வேண்டாம். சுடலைமுத்து, மாடசாமி, இசக்கியம்மாள் வேறு வகை. இவை தெய்வத்தின் பெயர்கள். பெயரைக் கேட்டே ஊரையும் சாதியையும் கணித்தார்கள் என்பதால் நகரத்துக்குப் போன பலர் விட்டுவிட்டார்கள். அந்தக் கணிப்பு இன்னும் ஓயவில்லை. அது தெரிந்து வைப்பதானால் தாராளமாக வைக்கலாம்.

சுமதி, ரமேஷ் இப்போதைக்கு வேண்டாம். அவை பழமை ஆகவில்லை, பழசாக மட்டும் இருக்கின்றன. இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போங்கள்.

பெரிய முட்டுக்கட்டை நட்சத்திர எழுத்து. பரணியின் நான்கு பாதங்களுக்கும் லி, லு, லே, லோ. தமிழ்ச்சொல் லகரத்தில் தொடங்காது என்பது தொல்காப்பிய விதி. ஆக, பரணியில் பிறந்த பிள்ளைக்கு அந்த எழுத்தில் பழந்தமிழ்ப் பெயர் தேடினால் கிடைக்காது. லோகேஷும் லீலாவும்தான் கிடைக்கும். கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்பதால் அன்பு, இனியன், உமையாள், எழில் எல்லாம் வரிசையில் நிற்கும். பரணிக்காரர்களுக்கும் வழி உண்டு: பெயர் சூட்டும் நாளில் காதில் சொல்ல நட்சத்திர எழுத்தில் ஒரு பெயர், பதிவேட்டில் விரும்பிய பெயர்.

பெயர் பழையதாகக் கேட்பது பெரும்பாலும் வாலால்தான். அம்மாள், நாயகி, சாமி ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள்: பொன்னம்மாள் பொன்னி ஆவாள், வடிவாம்பாள் வடிவு, கோதைநாயகி கோதை. எல்லாவற்றுக்கும் இது உதவாது. குப்புசாமியில் சாமியை எடுத்தால் மிஞ்சுவது குப்பு. வீட்டுப் பட்டியலில் எதுவும் தேறவில்லை என்றால் கோயில் அம்மன்களின் தமிழ்ப் பெயர்களைப் பாருங்கள். மதுரை மீனாட்சி அங்கயற்கண்ணி, அதற்குள் கயல் இருக்கிறது. வேதாரண்யத்து அம்மன் யாழைப்பழித்த மொழியாள்; எந்தப் படிவத்திலும் அடங்க மாட்டாள், ஆனால் யாழ்மொழி என்று சுருக்கலாம்.

பிறகு ஆங்கில எழுத்து. ழகரத்துக்கு 'இசட்', 'எச்' போட்டால் வடக்கே எழிலனை எஜிலன் என்பார்கள்; 'எல்' போட்டால் இங்கேயே எலிலன் ஆகிவிடும். என்னைக் கேட்டால் முதலாவதே மேல், அதைத் தமிழர்களாவது சரியாகப் படிப்பார்கள். எதுவானாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி மூன்றிலும் ஒரே எழுத்து இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால், அப்பா பெயரையும் சேர்த்து ஒருமுறை முழுதாக எழுதிப் பாருங்கள். மங்கையர்க்கரசி சுப்பிரமணியன் என்றால் கட்டம் போதுமா?

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அப்போதே பெயர் கொடுக்க வேண்டும் என்பதில்லை. 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன். அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழ் வரை அலைய வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம். ஆகவே அந்த 12 மாதங்களுக்குள் தெரிந்தெடுத்த பெயரை வாசலிலிருந்து கத்திக் கூப்பிட்டுப் பாருங்கள், கோபத்திலும் சொல்லிப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் தானாகவே எதைச் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். அந்தச் சுருக்கம் பிடிக்கவில்லையென்றால் பெயரும் நிலைக்காது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆங்கிலத்தை மட்டும் பார்த்துவிட்டு மடிக்காதீர்கள். தமிழில் குழலி 'குளலி' ஆகியிருக்கிறாளா என்று அங்கேயே நின்று பாருங்கள்.