ஜெல்கோட் விரிசலா? முதலில் கீறி அகலமாக்குங்கள்

ஃபைபர் படகின் ஜெல்கோட்டில் (கண்ணாடி இழைக்கு மேலுள்ள வழவழப்பான பிசின் பூச்சு) மயிரிழை விரிசல் இருந்தால் மேலே அப்படியே தடவாதீர்கள்; சுரண்டியின் மூலையால் விரிசல் முடியும் ஆழம் வரை ‘வி’ வடிவில் கீறி, அசிட்டோனால் துடைத்துவிட்டுப் புது ஜெல்கோட்டால் நிரப்புங்கள். கெட்டியான ஜெல்கோட் மெல்லிய பிளவுக்குள் இறங்காது. மேலே படலமாக நின்று, வாட்டர் பேப்பர் போடும்போதே போய்விடும். சற்று மேடாக நிரப்பி, உடனே பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடுங்கள். மெழுகு கலக்காத ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுவென்றே இருக்கும். இறுகியதும் 400, 800, 1200 எண் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம்.

விரிசல் கண்ணாடி இழைக்குள்ளும் இறங்கியிருந்தாலோ, அழுத்தினால் அந்த இடம் அமுங்கினாலோ இது உதவாது. கயிறு கட்டும் கிளீட்டைச் சுற்றி நட்சத்திரமாகப் பிரியும் விரிசலும் அப்படித்தான். உள்பக்கம் வலுவூட்டாமல் எத்தனை முறை நிரப்பினாலும் திரும்ப வரும்.