கோடையில் துணிக்குக் கையால் சாயமேற்றி வண்ணம் தீட்டக் கற்பது எப்படி

துணிக்குச் சாயமேற்றவும் அதில் தூரிகையால் வண்ணம் தீட்டவும் கற்க விரும்புவோருக்குக் கோடையைவிட உகந்த காலம் கிடையாது. சாயம் இழையோடு பிணைவதற்கு வேண்டிய வெப்பத்தை அடுப்பின் உதவியில்லாமல் அந்தப் பருவமே தந்துவிடுகிறது. ஆனால் அதே வெயில் துணியை விரைவில் உலர்த்தியும் விடும். ஈரம் இருக்கும் வரைதான் சாயம் இழையோடு வினைபுரியும் என்பதால், வெப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டே ஈரத்தைக் காக்கப் பழகுவதை முதல் பாடமாகக் கொள்ள வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் துணிப் பெயின்ட் இழையின் மேற்பரப்பில் பசையால் ஒட்டிக்கொள்வது. இஸ்திரி போட்டால் நிலைத்துவிடும், ஆனால் தீட்டிய இடம் சற்று விறைப்பாக இருக்கும். ரியாக்டிவ் சாயமோ இழையின் மூலக்கூறோடு வேதிப்பிணைப்பு கொண்டு அதன் ஒரு பகுதியாகவே மாறிவிடுவதால், துணியின் மென்மை சிறிதும் குறையாது. 1956ஆம் ஆண்டு புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இவ்வகைச் சாயங்களுள், குளிர்ந்த நீரிலேயே வேலை செய்யும் எம்எக்ஸ் வகையைக் கற்பவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். பருத்தி, லினன், மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ் ஆகியவை இதை நன்றாக ஏற்கும். பட்டும் ஏற்கும், ஆனால் சாயம் பிணைவதற்காகச் சேர்க்கும் காரத்தில் அதன் பளபளப்பு ஓரளவு மங்கும். பாலியெஸ்டர் இதை ஏற்காது என்பதால் கலப்புத் துணியில் நிறம் வெளிறியே விழும்.

புதுத்துணியில் நெசவுக்காக ஏற்றிய கஞ்சியும் எண்ணெய்ப்பசையும் இருக்கும். துணியின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். அது முத்துப்போல உருண்டு நின்றால் துணி இன்னும் தயாராகவில்லை. சோப்புத்தூளும், சோடியம் கார்பனேட் என்ற காரத்தூளான சோடா ஆஷ் சிறிதும் கலந்த கொதிநீரில் அலசி எடுத்தபின் அதே சொட்டு விழுந்தவுடன் உறிஞ்சப்படும். இந்தச் சோதனையைச் செய்யாமல் தொடங்கிவிட்டுப் பிறகு சாயத்தைக் குறைசொல்வோர் பலர்.

அடுத்து, சாயம் இழையோடு பிணையத் தேவையான காரத்தைத் துணிக்கு ஏற்ற, 1 லிட்டர் நீரில் சுமார் 60 கிராம் சோடா ஆஷைக் கரைத்து, துணியை அதில் 15 முதல் 20 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். படிகமாக இருக்கும் சலவை சோடாவில் நீரும் சேர்ந்தே இருப்பதால் அதை ஏறத்தாழ 160 கிராம் எடுக்க வேண்டும். இந்தக் கரைசல் தோலை அரிக்கும் என்பதால் கையுறை அணிவது அவசியம். சாயத்தூளைக் கரைக்கும்போது முகக்கவசமும் அணிய வேண்டும், ஏனெனில் அத்தூளைச் சுவாசிப்பது ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காற்றடிக்காத இடத்தில் கரையுங்கள். ஒருமுறை இதற்கெனப் பயன்படுத்திய பாத்திரமும் கரண்டியும் பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

சாயம் கரைக்க, 1 லிட்டர் நீருக்கு 100 கிராம் வீதம் யூரியா கலந்த நீரைப் பயன்படுத்தினால், யூரியா ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கோடைக்காற்றின் வேகத்தை ஈடுகட்டும். அந்நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1 கிராம் சாயம் வெளிர்நிறத்தையும், 4 கிராம் அடர்நிறத்தையும் தரும். சூடான நீரில் கரைத்தால் சாயம் நீரோடேயே வினைபுரிந்து தன் வலுவை இழந்துவிடும். தூரிகைக்கு ஏற்றவாறு குழம்பாக்க, கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சோடியம் ஆல்ஜினேட் தூளைச் சேர்க்க வேண்டும்; அரிசிக் கஞ்சியோ மைதாப் பசையோ இங்கு உதவாது, ஏனெனில் மாவுப்பொருளும் பருத்தியைப் போலவே சாயத்தோடு பிணைந்து, துணிக்குச் சேர வேண்டிய நிறத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

தீட்டும் வேலையை நிழலில் வைத்துக்கொள்வது நல்லது. சோடாவில் ஊறிய துணி உலர்ந்திருந்தால் கோடுகள் கூர்மையாக நிற்கும். ஈரமாக இருந்தால், தூரிகை நுனி தொட்ட இடத்திலிருந்து நிறம் முதலில் இழைகளின் வழியே நூல்நூலாக நீண்டு, பின்னர் ஓரங்களில் வெளிறிப் பரவும். பக்கத்தில் வேறொரு நிறம் வைத்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது நிறம் பிறக்கும். இந்த இரு நிலைகளுக்கும் கை பழகும் வரை சிறு துண்டுகளில், மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற மூன்று நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு பயிற்சி செய்வதே போதும். பத்து நிறப் புட்டிகளைவிட அம்மூன்றின் கலவைகள் அதிகம் கற்றுத்தரும். ஈரத்தில் தெரியும் நிறம் உலர்ந்தபின் கணிசமாக வெளுக்கும் என்பதால், விரும்புவதைவிட ஓரளவு அடர்த்தியாகவே தீட்ட வேண்டும்.

தீட்டி முடித்ததும் துணியின்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி ஓரங்களை மடித்துவிட்டு, வெதுவெதுப்பான நிழலில் வைக்க வேண்டும். 21 டிகிரி செல்சியஸில் சாயம் இழையோடு பிணைய ஒரு முழு நாள் ஆகும். 30 டிகிரிக்கு மேற்பட்ட கோடை வெப்பத்தில் அதைவிடக் குறைந்த நேரமே போதும் என்றாலும், இரவு முழுதும் விட்டுவைப்பதால் தீங்கில்லை. இடையில் துணி உலர்ந்துபோனால் நிறம் அரைகுறையாகவே பிடித்திருக்கும்.

அலசும்போது அவசரப்படக் கூடாது. முதலில் குளிர்ந்த நீரில் சோடாவும் யூரியாவும் போகும்வரை அலசி, அதன்பிறகே கை பொறுக்காத அளவு சூடான நீரில் ஊறவைக்க வேண்டும். இழையோடு பிணையாத சாயத்தை வெளியேற்றுவது அந்தச் சூடுதான். நீர் தெளியும்வரை மாற்றிமாற்றி ஊறவைத்துவிட்டு, ஈரத்துணியை ஒரு வெள்ளைத் துணிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் இன்னொரு முறை சூடான நீரில் ஊறவைக்க வேண்டும். ஒட்டாவிட்டால் துணியை நிழலில் உலர்த்திவிடலாம்.