கஞ்சா வழக்கில் மாட்டிய பெண்ணுக்கும் பிள்ளைக்கும் கோர்ட்டில் சிகிச்சை கேட்பது எப்படி

நீலகிரியில் எஸ்டேட் வீட்டுப் பையனோ பெண்ணோ சின்னக் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டால், "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துடுங்க, ஒரே வாய்தாவில் முடிஞ்சிடும்" என்று கோர்ட் வாசலிலேயே யாராவது யோசனை சொல்வார்கள், கொழுந்து பறிக்கும் கூலியை விட்டுவிட்டு அலைய முடியாத குடும்பமும் சரியென்று தலையாட்டிவிடும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒத்துக்கொண்டால் அது குற்றத் தீர்ப்பு, போலீஸ் சரிபார்ப்பு கேட்கிற எந்த வேலையிலும் அது குறுக்கே நிற்கும். பழக்கமோ வீட்டிலேயே இருக்கும்.

சட்டம் சிகிச்சைக்கும் வழி வைத்திருக்கிறது, ஆனால் நாம் கேட்டால்தான் கிடைக்கும்.

முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி, என்ன பொருள், எவ்வளவு எடை, எந்தப் பிரிவு என்று பாருங்கள். கஞ்சா 1 கிலோ வரை, ஹெராயின் 5 கிராம் வரை, மெத்தாம்பெட்டமின் 2 கிராம் வரை 'சிறிய அளவு'. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, சிறிய அளவோடு அல்லது பயன்படுத்தியதற்காக மட்டும் வழக்கில் சிக்கிய ஒருவர், போதைக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால், அந்தக் குற்றத்துக்கு அவர்மேல் வழக்கு நடத்த முடியாது. பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சில வலி மாத்திரைகள் இந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை, அந்த வழக்குகளுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு அழையுங்கள், அல்லது ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரே போய்க் கேளுங்கள்.

ஜாமீனில் வந்த கையோடு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, எவ்வளவு காலமாகப் பழக்கம், கூடவே மாத்திரை, சாராயம் உண்டா என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அடிமை என்பதை டாக்டர் எழுதித் தந்தால்தான் 64ஏ பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டில் போடும் மனு நிற்கும். தனியார் மையத்தில் சேர்ப்பதானால் அரசு அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள், அங்கீகாரம் இல்லாத இடத்துச் சிகிச்சை கோர்ட்டில் எடுபடாது.

மனுவில் நீட்டி எழுத வேண்டாம்: "எனக்குக் கஞ்சா பழக்கம் உண்டு. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற நானே விரும்புகிறேன். மருத்துவச் சீட்டு இணைத்துள்ளேன். 64ஏ பிரிவின் கீழ் எனக்குப் பாதுகாப்பு வழங்க வேண்டுகிறேன்." இது பழக்கத்தை ஒத்துக்கொள்ளும் எழுத்து என்பதால் வக்கீல் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

குற்றம் நிரூபணமாகிவிட்டாலும் அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு இருக்கிறது. சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம், ஒரு வருடத்துக்குள் மருத்துவ அறிக்கை தர வேண்டும். இதில் வயது, உடல்நிலை, மனநிலை எல்லாவற்றையும் கோர்ட் பார்க்கும் என்பதால் பெண்கள் விஷயத்தில் கர்ப்பம், கைக்குழந்தை, வீட்டில் வேறு ஆள் இல்லாதது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். உள்நோயாளியாகச் சேர முடியாதவர் வெளிநோயாளியாக வர அனுமதி கேட்கலாம். இன்னொன்று, டாக்டரிடம் அந்தப் பெண் தனியாகப் பேசட்டும். பழக்கிவிட்டவனே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவளால் என்ன சொல்ல முடியும்?

18 வயது முடியாதவர் என்றால் கதையே வேறு. லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். முதல் நாளே பள்ளிச் சான்றிதழின் அசலை எடுத்துப் போங்கள், வயதுக்கு முதலில் பார்ப்பது அதைத்தான். நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் அங்கே இருப்பார்கள், ஒருவராவது பெண். கவுன்சலிங்கோடு போதை மீட்புச் சிகிச்சைக்கும் உத்தரவிட 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருகிறது, பள்ளி நின்றுபோகாதபடி நேரம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைக்குப் பொட்டலம் கொடுத்தவர் யார் என்பதையும் சொல்லுங்கள், அந்த ஆளுக்கு 7 ஆண்டு வரை சிறை. பையன் பெயர், படம் எதுவும் வெளியே வரக் கூடாது, வாட்ஸப் குரூப்பிலும்தான்.

கஞ்சாவை விட்ட முதல் வாரம்தான் கடினம். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள். அதைத் திமிர் என்று நினைத்து அடிக்காதீர்கள். இடையில் ஒருமுறை தவறினால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிச் சிகிச்சையைத் தொடருங்கள், பயந்துபோய் நின்றுவிடுவதுதான் வழக்கைக் கெடுக்கும்.

ஓ.பி. சீட்டு, டெஸ்ட் ரிசல்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், கூடலூர் மழையில் நனைந்த காகிதத்தைப் படிக்க முடியாது. ஆடி மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால் வாய்தா தவறி வாரண்ட் வரும். காலையிலேயே வக்கீலுக்குப் போன் போட்டு ஆஜராக விலக்கு மனு போடச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.