ரெட்டேரிப் பக்கம் தெருவில் ஆமை வந்தால் என்ன செய்வது

மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் சென்னையில் ரெட்டேரியைச் சுற்றியுள்ள கொளத்தூர், மாதவரம், புழல் பக்கத் தெருவில் ஆமை ஒன்று நடந்து போனால், காசிமேட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிக் கடலில் விட்டுவிடாதீர்கள், அது ஏரி ஆமை. பாலாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் காலைப் பாருங்கள். கடலாமைக்குத் துடுப்பு மாதிரி இருக்கும். இதற்கு விரலிடைச் சவ்வும் ஒவ்வொரு காலிலும் மூன்று நகமும். ஓட்டின் மேல் தோல் போர்த்தியிருக்கும். அடிப்பக்கம் பின்னங்கால்களை மூடிக்கொள்ள இரண்டு மடிப்புகள் உண்டு, கதவு சாத்துகிற மாதிரி, இதுதான் சரியான அடையாளம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது யாரோ தொட்டியில் வளர்த்து அலுத்துப்போய் விட்ட அமெரிக்க ஆமை, அதை ஏரியில் விடவே கூடாது.

சரி, எப்படித் தூக்குவது? கழுத்து நாம் நினைப்பதைவிட நீளம், திரும்பிக் கடித்துவிடும். ஓட்டின் பின்பாதியை இரு பக்கமும் பிடியுங்கள். சாலையைக் கடக்கிறது என்றால் அது போன திசையிலேயே ஓரமாக விட்டால் போதும், அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடிபட்டிருந்தால் ஈரத்துணி போட்ட பக்கெட்டில், தண்ணீர் நிரப்பாமல், நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கோடையில் சேற்றுக்குள் புதைந்து அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குளம் வற்றினால் அப்படித்தான் கிடக்கும். நத்தை, தவளை, மீன், நீர்ச்செடி எல்லாம் தின்னும், நீங்கள் ஊட்ட வேண்டியதில்லை. அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைத்துக்கொள்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் இது.