கண் எரிச்சல், மூக்கில் புண்: மாஸ்க், காகிள்ஸ் போடும்போது நேரும் தவறுகள்

ஐசியுவில் ஆறு மணி நேரம் நின்றபின் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் பழி காகிள்ஸ் மேல்தான் போகும். பல நேரம் குற்றவாளி என்95 மாஸ்க்கின் மேல் விளிம்பு. மூக்குப் பட்டை சரியாகப் படியாவிட்டால் வெளிவிடும் மூச்சு மேலேறிக் கண்ணீர்ப் படலத்தை உலர்த்துகிறது. அதே மூச்சின் ஈரம் காகிள்ஸில் ஆவியாகப் படிகிறது.

தவறு, பட்டையை ஒரு கையால் கிள்ளுவதில்தான் தொடங்குகிறது. நடுவில் கூர்மையாக மடிந்து, இரு பக்கமும் இடைவெளி விழும். இரண்டு கை விரல்நுனிகளையும் மூக்குத் தண்டில் வைத்து, கன்னத்தை நோக்கி நீவி அழுத்த வேண்டும். மேல் நாடா தலையின் பின்பக்கம் மேலாக, கீழ் நாடா காதுக்குக் கீழே பிடரியில். இரண்டும் குறுக்கே போகக் கூடாது. பிறகு மாஸ்க்கை இரு கையாலும் மூடி வேகமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணருகே காற்று பட்டால் பட்டையைத் திரும்பச் சரிசெய்யுங்கள். அப்படியும் கசிந்தால் அளவையோ மாடலையோ மாற்ற வேண்டும். நாடாவில் முடிச்சு போட்டு இறுக்கினால் கசிவு இருந்தபடி இருக்கும், மூக்கில் புண் மட்டும் கூடுதலாக வரும்.

புண்ணுக்குப் பயந்து மாஸ்க்குக்குள் பஞ்சோ காஸ் துணியோ மடித்து வைப்பது இன்னும் மோசம். அந்த மடிப்பு வழியாகவே காற்று நுழையும். தோல் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலமாகப் படியும், ஆல்கஹால் கலக்காத பேரியர் ஃபிலிமைத் தடவி, நன்றாகக் காய்ந்தபின் மாஸ்க் அணியலாம். வாசலின் டியூட்டிக்குப் பிறகுதான். முன்பே தடவினால் மாஸ்க் வழுக்கும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, சுத்தமான பகுதிக்கு வந்து, முறைப்படி கழற்றி ஐந்து நிமிடமாவது தோலுக்கு ஓய்வு கொடுங்கள்.

மேல் விளிம்பில் டேப் ஒட்டுபவர்கள் கீழ் இமையை இழுத்து ஒட்டிவிடுகிறார்கள். கண் முழுதாக மூடாது, உலர்ச்சி கூடும். டேப் ஒட்டினாலும் கசியும் மாஸ்க் கசியும் மாஸ்க்தான்.

ஆவி படியாமலிருக்க காகிள்ஸின் உள்பக்கம் சானிடைசரோ, புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினோ தேய்ப்பதை உடனே நிறுத்துங்கள். வியர்வையோடு வழிந்து கண்ணில் இறங்கினால் கருவிழியின் மேற்பரப்பு புண்ணாகும். மறுபடி பயன்படுத்தும் காகிள்ஸை சோப்பால் கழுவி, புதிதாகக் கலக்கிய 1% ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச் கரைசல்) 10 நிமிடம் ஊறவைத்தபின் நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்தக் கடைசி அலசல்தான்.

சிவப்பு நீக்கும் சொட்டு மருந்தும், மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டும் உலர்ந்த கண்ணுக்கு மருந்தல்ல. ப்ரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் போதும். முகத் தழும்புக்கு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு க்ரீம் போட்டால் தோல் மெலியும். டியூட்டியில் கான்டாக்ட் லென்ஸைத் தவிர்ப்பது நல்லது.

ஹைப்போவோ சானிடைசரோ கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவத் தொடங்கி, லென்ஸ் இருந்தால் இடையில் கழற்றி, மொத்தம் 15 நிமிடமாவது கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். எதுவும் தெறிக்காமலே வலி, மங்கல், வெளிச்சத்தில் கூச்சம் இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.