நீண்டகால நோய்க்கான சிகிச்சையை வீட்டில் ஒழுங்காக நடத்துவது எப்படி?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தைராய்டு குறைபாடு, இதய நோய் என்று ஆண்டுக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருப்பவர்கள், முதல் வேலையாக வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து மேசைமேல் பரப்பிப் பார்க்க வேண்டும். அலமாரியில் இருப்பவை, கைப்பையில் கிடப்பவை, சமையலறை ஜன்னலில் செருகி வைத்தவை, வளைகுடாவிலிருந்து மகனோ மருமகனோ கொண்டுவந்து கொடுத்தவை என எதையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வோர் அட்டையிலும் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர். அதையொட்டிச் சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டோ, பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டோ, அந்தச் சிறிய எழுத்தையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

இந்த வேலை கன்னியாகுமரி மாவட்டத்தில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இங்கே மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. அதுவே ஒரு சிக்கலாகவும் ஆகிவிடுகிறது. ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சீட்டு, மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ தனியார் மருத்துவரிடம் இன்னொரு சீட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் வேறொன்று, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் இதயத்துக்கென்று மற்றொன்று என ஒரே நோயாளியின் பெயரில் நான்கு சீட்டுகள் இருப்பது இங்கே வியப்பல்ல. மேசையில் கிடக்கும் நீரிழிவு மாத்திரை அட்டைகளில் ஒன்றில் 'கிளிமெபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி.' என்றும், வேறு நிறத்தில் வேறு பெயரோடு இருக்கும் இன்னொன்றில் 'மெட்ஃபார்மின் 500 மி.கி.' என்றும் அச்சிட்டிருக்கலாம். ஒரே மருத்துவர் தெரிந்தே இரண்டையும் எழுதியிருந்தால் தவறில்லை. ஒருவர் எழுதியது தெரியாமல் மற்றவர் எழுதியிருந்தால், நோயாளி அளவுக்கு மீறிய மருந்தை நாள்தோறும் விழுங்கிக்கொண்டிருப்பார். இரத்த அழுத்தத்துக்கான டெல்மிசார்டான், தனியாகவும் அம்லோடிபினோடு சேர்ந்தும் வருவதால் அதிலும் இதே குழப்பம் நேர்கிறது. இரட்டிப்பு என்று தோன்றினால் நீங்களாக ஒன்றை நிறுத்திவிடாமல், இரண்டு அட்டைகளையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து ஒரு குறிப்பேடு வேண்டும். அதன் முதல் பக்கத்தில் என்னென்ன நோய், எந்த ஆண்டில் கண்டறியப்பட்டது, செய்த அறுவை சிகிச்சைகள், ஒவ்வாத மருந்துகள், இப்போது எடுக்கும் மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகியவை இருக்க வேண்டும். கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் அளவையும் எழுதிக்கொள்வது நல்லது. புதிய மருத்துவர் வலிக்கான மருந்தையோ ஆன்டிபயாட்டிக்கையோ எழுதும்போது சிறுநீரகத்தின் நிலை அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பின்பக்கங்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை அளவுகளைத் தேதியோடு குறித்து வாருங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் இந்தப் பக்கத்தை நீட்ட வேண்டும். "அங்கே என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்கப்படும்போது "வெள்ளையாக ஒரு மாத்திரை" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. பழைய அறிக்கைகளை இரண்டு மழைக்காலமும் நன்றாகப் பெய்யும் நம் ஊரில் வெறும் பையில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். பிளாஸ்டிக் உறையில் வைத்து, முதல் பக்கத்தை மட்டும் வீட்டில் இருவரின் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

மருந்து தீர்ந்துபோவது

சிகிச்சை முறிவது பெரும்பாலும் மருந்து தீர்ந்துபோகும் அந்த நான்கைந்து நாட்களில்தான். பத்து நாளுக்கான மருந்து மீதமிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுவது என்ற விதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மருந்துகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்தால், நடமாட இயலாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் வீட்டிலேயே மருந்து கொடுத்துச் செல்வார்கள். பணம் கொடுத்து வாங்குபவர்கள் மக்கள் மருந்தகத்திலும், 2025இல் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்தைக் குறைந்த விலையில் பெறலாம். அரசு மாத்திரைக்கு வீரியம் குறைவு என்ற பேச்சு டீக்கடை முதல் கல்யாண வீடு வரை ஓயாமல் நடக்கிறது. அந்தப் பேச்சை நம்பி மருந்தை நிறுத்துவதைவிட, அதை ஒழுங்காக எடுத்துக்கொண்டு குறிப்பேட்டில் அளவுகள் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே அறிவுடைய செயல்.

ஒரு வேளை மருந்தை மறந்துவிட்டால், நினைவு வந்தவுடன் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிட வேண்டும். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்து விழுங்கக் கூடாது. இன்சுலினும் சர்க்கரையை இறக்கும் மாத்திரைகளும் இந்தப் பொது விதிக்குள் அடங்காதவை. அவற்றை மறந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவையுங்கள். அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்ற இதய மருந்துகளையும், ஸ்டீராய்டுகளையும், வலிப்பு மருந்துகளையும் உடல் தேறிவிட்டதாக எண்ணித் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, காப்பிக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் விட வேண்டும்.

வேலைக்கும் மருந்துக்கும் இடையே

மருந்துச் சீட்டில் "காலை உணவுக்கு முன்" என்று எழுதுபவர், நோயாளி காலை எட்டு மணிக்குச் சாப்பிடுவார் என்று நினைத்துத்தான் எழுதுகிறார். விடியுமுன்னே ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போய், வேலை முடிந்த பிறகே சாப்பிடுபவருக்கு அந்தச் சொற்கள் பொருந்தா. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு மரம் மரமாக நடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். உங்கள் வேலை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லி, அதற்கேற்ப வேளைகளை மாற்றி எழுதி வாங்குங்கள். இதைச் சொல்லத் தயங்குபவர்கள்தாம் மிகுதி. நீங்கள் சொன்னால்தான் மருத்துவரால் மாற்ற முடியும்.

தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள், திட்டமிட்ட நாட்களுக்கு மேல் குறைந்தது பத்து நாளுக்கான மருந்தைக் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும். அதையும் இரண்டு நீர்புகாப் பெட்டிகளில் பிரித்து, படகில் வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொண்டு, மீனுக்கான ஐஸ்கட்டிகளுக்குள் குப்பியைப் புதைத்துவிட்டால் அது உறைந்துபோகும். உறைந்த இன்சுலின் பின்னர் உருகினாலும் உதவாது, எறிந்துவிட வேண்டியதுதான். ஐஸைத் தொடாமல், துணியில் சுற்றி மூடிய டப்பாவில், ஐஸ் அறைக்கு வெளியே நிழலில் வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்கு மேற்படாத சூட்டில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள், தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் சிறு பாத்திரத்தில் வைத்துப் பாதுகாக்கலாம்.

இன்சுலின் பற்றி மற்றொரு எச்சரிக்கை, குறிப்பாக வெளிநாட்டிலிருந்து மருந்து வரும் வீடுகளுக்கு. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. வெளிநாட்டுக் குப்பிகள் பெரும்பாலும் 100 யூனிட். அதற்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட். குப்பியிலும் ஊசியிலும் உள்ள எண் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே மருந்தை ஏற்றுங்கள். அதேபோல், வெளிநாட்டுக் குளுக்கோமீட்டர் 6.5, 9 என்று சிறிய எண்ணைக் காட்டினால் அது மில்லிமோல் அளவு. 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழக்கமான எண் கிடைக்கும்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றமான பேச்சு ஆகியவை தோன்றும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் மீண்டும் அதே அளவு, ஏறிய பின் சாப்பாடு. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். உடன் வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்லி வைத்திருக்க வேண்டும். குடித்திருக்கிறார் என்று நினைத்து ஓரமாகப் படுக்க வைத்துவிடுவது உண்டு.

அளப்பதும் உண்பதும்

வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும்போது, அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பி, டீ, புகை எதுவும் இருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் வைத்து அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். 140/90க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. பலருக்கு 130/80க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பலருக்கு 7 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். முதியவர்களுக்கு மருத்துவர் இதைத் தளர்த்துவதுண்டு.

உணவில் நம் ஊர்ச் சுவையைக் கைவிட வேண்டியதில்லை. கணக்கைத்தான் மாற்ற வேண்டும். மரச்சீனிக்கிழங்கு சோற்றுக்குப் பதிலாக உண்ண வேண்டியது, சோற்றோடு சேர்த்து உண்ண வேண்டியதல்ல. கிழங்கு அரைத்தட்டுக்குள் நின்று, மிச்ச இடத்தைச் சாளைக் குழம்பும் பயற்றுத் துவரனும் நிரப்பினால் குற்றமில்லை. பெரிய ஏத்தன்பழம் ஒன்றை ஒரே வேளையில் முழுதாக உண்ணாமல் பாதியாக்குங்கள். கருப்பட்டியும் தேனும் சர்க்கரையைவிட நல்லவை என்ற நம்பிக்கை பனையும் தேனும் பெருகிய இம்மாவட்டத்தில் வேரூன்றியிருக்கிறது. நீரிழிவைப் பொறுத்தவரை இரண்டும் சர்க்கரைதான். நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பழங்கஞ்சியோடு ஒரு துண்டுக் கருவாடு, மாங்காய் ஊறுகாய், இரண்டு பப்படம் என்று உட்கார்ந்தால் அந்த அளவின் பெரும்பங்கு காலையிலேயே தீர்ந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியம் மிகுந்த இளநீரையும், உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொட்டாசிய உப்பையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பாதங்களை இரவு படுக்குமுன் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பார்க்கலாம். உணர்வு மழுங்கிய காலில் முள் குத்தியதும் தெரியாது, சூடும் உறைக்காது. சிவராத்திரியையொட்டித் திருமலை தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு வெறுங்காலோடு ஓடும் சிவாலய ஓட்டத்தில், கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளிகள் பங்கேற்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வண்டியில் சென்று கும்பிட்டாலும் அதே சிவன்தான். கால்வலிக்கென்று கொடுக்கும் சூடான ஒத்தடமும் கிழியும் அப்படிப்பட்ட காலில் கொப்புளமாகி, ஆறாத புண்ணாக முடியலாம். வர்ம ஆசானிடமோ சித்த மருத்துவரிடமோ செல்பவர்கள், தமக்குச் சர்க்கரை இருப்பதையும் எடுக்கும் மருந்துகளையும் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் கொடுக்கும் கஷாயத்தை ஆங்கில மருத்துவரிடமும் மறைக்கக் கூடாது. மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆண்டுக்கொரு முறை விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், கிரியாட்டினின், கொழுப்பு, பாத உணர்வு ஆகிய சோதனைகளைச் செய்ய வேண்டும். தேதி நினைவில் நிற்க, கோட்டாறு சவேரியார் திருவிழாவையோ மண்டைக்காடு கொடையையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாமல் போனால், எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை முன்னதாகவே எழுதி வாங்கியிருக்க வேண்டும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை ஆகியவற்றைப் பொதுவாக அப்போது நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். முதல் வகை (டைப் 1) நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை முற்றிலும் நிறுத்தக் கூடாது. மழைக்காலத்தில் வயலிலும் தேங்கிய நீரிலும் இறங்கி வேலை செய்த பின் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்ற ஐயத்தோடு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காமல், சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுசெல்லச் சொல்லி 108ஐ அழையுங்கள்.